ஜெயசுதன்ரை பைக்

சேலை கட்டிக்கொண்டு அந்த பைக்கில் ஏற முடியாது. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோல் டாங்கி நெஞ்சில் முட்டும். ஹாண்டில் முழங்காலுக்குக் கிட்டக் கிடக்கும். சீற் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் கால் போட்டு, முன்னால் குனிந்து, கிட்டத்தட்ட வயிற்றில் படுத்தபடிதான் ஓடவேண்டும். ஆனால் ரீச்சர் என்றால் சேலை. ஆகவே ஜீன்ஸோடு ஓடிப்போய், பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில், அமிலப் போத்தல்களுக்கு நடுவில் நின்று சேலை உடுப்பேன். அதற்கு ஏழு நிமிடம். ஏழரை மணி அடிக்கும்போது பிரார்த்தனை வரிசையில் நிற்பேன்.

ஒரு ஸ்கூட்டி வாங்கியிருக்கலாமே என்பார்கள். வாங்கியிருக்கலாம். வாகன இறக்குமதி மூடிக்கிடந்த அந்த வருடங்களில் பழைய ஸ்கூட்டிக்குச் சொன்ன விலையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். பட்டம் முடித்து நாலு வருடம் வேலையில்லாமல் இருந்து, ரியூசன் கொடுத்துச் சேர்த்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்: என்னைவிட ஒன்பது வயது இளைய, நூற்றைம்பது சீசீ, சிவப்பு ரேஸ் மொடல். கொடிகாமத்தில் கராஜ் வைத்திருக்கும் வின்சன்ற் அண்ணையிடம் இரண்டு வருடமாக விலைப்படாமல் நின்றது.

"சின்ன எஞ்சின் எண்டு பெடியள் வாங்கமாட்டாங்கள். ரேஸ் பைக் எண்டு குடும்பக்காரர் வாங்கமாட்டினம். பார்ட்ஸ் இல்லையெண்டு விசயம் தெரிஞ்சவன் வாங்கமாட்டான். மிச்சம் நீதான் தங்கச்சி," என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தேவைக்கு மட்டும் வாங்கினேன் என்று வீட்டில் சொன்னது பொய்.

தேவையும் இருந்தது. ஒப்பந்த ஆசிரியையாக என்னைப் போட்டது கிழக்குக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. வீட்டிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல், கடைசிப் பகுதி முழுக்க மணல் ஏறிய ரோட்டு. காலையில் முதல் பஸ் அங்கே போய்ச் சேர எட்டே முக்கால். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. நேரம் தவறினால் நீட்டமாட்டோம் என்று நியமனக் கடிதத்திலேயே அடித்திருந்தார்கள். பைக் இருந்தால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் வீட்டு முற்றத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன். கணக்கு அவ்வளவுதான்.

முதல் மாதம் நாலு தரம் விழுந்தேன். நாலும் நிற்கும்போது. எனக்குக் கால் எட்டாது, நுனிவிரல்தான் ஊன்றும். மணலில் நுனிவிரல் என்ன செய்யும். கொடிகாமம் சந்தையில் அப்பா மூட்டை தூக்குகிறவர். அவரோடு நிற்பவர்களுக்கு நான் போகும் நேரம் பாடமாகிவிட்டது.

"அருளம்பலண்ணை, உங்கடை மகள் பைக் ஓடேல்லை. நீந்துறாள்."

"உவள் ரேசுக்குப் போனால் கப்பை எங்கை வைப்பியள்? வீட்டிலை அலுமாரியும் இல்லை."

அப்பா சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்குவார். எனக்காகக் கதைக்கவுமில்லை, அவர்களோடு சேரவுமில்லை.

அந்த எஞ்சினுக்கு ஒரு குணம் இருந்தது. மெதுவாகப் போனால் கிழவன் மாதிரி இருமும். எஞ்சின் சுற்றுக் காட்டும் முள்ளு ஆறாயிரத்தைத் தாண்டினால்தான் அதற்கு உயிர் வரும். காலை ஆறே முக்காலுக்கு, ஆளில்லாத ரோட்டில், பனைகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓட, அந்தச் சின்ன எஞ்சின் கத்திக்கொண்டு இழுக்கும்போது, வீட்டையும் நியமனக் கடிதத்தையும் ஒருவரையுமே நான் நினைக்கமாட்டேன். ஒரு நாளில் பத்து நிமிடம். என் வயதில் வேறு யாருக்கு என்ன கிடைத்ததோ தெரியாது, எனக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைத்தது.

இனி நான் செய்த பிழை.

எங்கள் பக்கத்தில் பழைய பைக் வாங்கினால் பேர் மாற்றுவது குறைவு. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற முதல் சொந்தக்காரன் உரிமை மாற்றும் படிவத்தில் ஒரு கையெழுத்தை வைத்துக் கொடுத்துவிடுவான். மிச்சம் எல்லாம் வெறுமை. வாங்கியவனின் பேர் எழுதுகிற இடம் வெறுமையாகவே கைமாறி, அடுத்தவனிடம் போய், அதற்கு அடுத்தவனிடம் போகும். ஓப்பின் பேப்பர் என்பார்கள். என் பைக்கின் புத்தகத்தில் இருந்த பேர் கனிசியஸ் ஜெயசுதன், குருநகர். அவருடைய கையெழுத்து படிவத்தின் அடியில் நீலமாக, அழகாக இருந்தது.

"ஒண்டும் எழுதாதை," என்று வின்சன்ற் அண்ணை சொல்லித்தான் தந்தார். "பொலிஸ் மறிச்சா இதைக் காட்டு. இண்டைக்குத்தான் வாங்கினனான், நாளைக்கு மாத்தப்போறன் எண்டு சொல்லு. பத்து வருசத்துக்கும் அதையே சொல்லலாம்."

அவர் ஐந்தாம் வகுப்பு. நான் பி.எஸ்ஸி. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக் காணி அப்பப்பாவின் பேரில். வீடு அப்பாவின் பேரில். என் கைத்தொலைபேசி இலக்கம்கூட அப்பாவின் அடையாள அட்டையில் எடுத்தது. என் பேரில் இந்த உலகத்தில் இருந்தது ஒரு பட்டச் சான்றிதழ். அதை வைத்து எங்கேயும் போக முடியாது என்று நாலு வருடம் பார்த்தாகிவிட்டது. பைக் என் பேரில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இது பெரிய ஆசையா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். படிவம் நிரப்புவது எனக்குப் புதிதில்லை. எட்டு வயதிலிருந்து எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் நிரப்புகிறேன். நிவாரணம், மண்ணெண்ணெய், வெள்ளம், வீட்டுத்திட்டம் எல்லாம். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். புதிய உரிமையாளரின் முழுப்பெயர் என்று இருந்த இடத்தில், யோசிக்காமல், பெரிய எழுத்தில் அழகாக எழுதினேன்: சின்னையா அருளம்பலம்.

கை எழுதிவிட்டது. இருபது வருடம் பேர் கேட்ட இடமெல்லாம் எழுதிப் பழகிய பேர். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். எனக்கு வந்தது கோபம். இந்தப் பேர் என் கைக்குள்ளேயும் வந்து குந்திவிட்டதா என்று கோபம். அடிமட்டம் வைத்து ஒரே கோடாக வெட்டினேன். மேலே அருளம்பலம் கஜந்தினி என்று எழுதி, ஓரத்தில் என் சுருக்கொப்பமும் வைத்தேன், முறைப்படி.

மோட்டார் வாகனக் கந்தோரில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தைக் கையில் எடுக்கவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"வெட்டின இடத்திலை சொந்தக்காரர் ஒப்பம் வைக்கவேணும்."

"நான் வைச்சிருக்கிறன் சேர்."

"நீங்கள் சொந்தக்காரரோ?"

"அதுக்குத்தானே வந்தனான்."

"அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வெளிநாடெண்டால், தனக்காக இன்னொராள் ஒப்பம் வைக்கலாமெண்டு அங்கத்தைத் தூதரகத்தாலை அற்றோனித் தத்துவம் எழுதி அனுப்பச் சொல்லுங்கோ. மோசம் போயிட்டார் எண்டால் மரணச் சான்றிதழோடை தாய் தகப்பன் வந்து ஒப்பம் வைக்கலாம். ரெண்டிலை ஒண்டு."

"ரெண்டும் இல்லையெண்டால்?"

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டும் இல்லாத மாதிரி ஆள் இருக்கேலாதுதானே தங்கச்சி," என்றார்.

வீட்டுக்கு வந்து படிவத்தை மேசையில் எறிந்தேன். அப்பா எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பெரிதாக வாசிக்கத் தெரியாது, ஆனால் தன் பேரைத் தெரியும்.

"இது என்ரை பேரெல்லோ."

"ஓம்."

"ஏன் வெட்டினனி?"

"என்ரை பைக் அப்பா."

அவர் படிவத்தைத் திரும்ப மேசையில் வைத்தார். "வெட்டாமல் விட்டிருந்தா அலுவல் முடிஞ்சிருக்கும். நான் என்ன, ஏறி ஓடப்போறனே?" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் அன்று அவரோடு சாப்பிடவில்லை.

அடுத்த கிழமையே பொலிஸ் மறித்தது. வெறுமையான படிவம் என்றால் காட்டிவிட்டு வின்சன்ற் அண்ணை சொன்ன கதையைச் சொல்லியிருக்கலாம். என்னிடம் இருந்தது வெட்டிக்கொத்திய கடதாசி. அதைக் காட்டினால் களவெடுத்த பைக் மாதிரி இருக்கும். காட்டினேன். ஆசிரியை என்ற அடையாள அட்டையையும் காட்டியதால் அவர்கள் மாத முடிவு மட்டும் தவணை தந்தார்கள். அதற்குள் உரிமை மாற்றிக் கொண்டுவராவிட்டால் பைக்கை எடுத்து உள்ளே போடுவோம் என்று எழுதித் தந்தார்கள். அவர்களுடைய படிவத்தில் வெட்டு ஒன்றும் இல்லை.

பதினாறு நாள் இருந்தது. ஜெயசுதனைப் பற்றி வின்சன்ற் அண்ணையிடம் கேட்டேன். பைக்கைக் கொண்டுவந்து விற்றது ஜெயசுதனின் அக்கா புருசன் என்றார். பெடியன் வெளிநாடு போகிற வழியில் காணாமல் போய்விட்டான் என்று கேள்வி, சரியாகத் தெரியாது என்றார்.

எனக்கு அது போதும். கந்தோர்க்காரர் சொன்ன இரண்டில் ஒன்று. நான் விசாரித்து, காணாமல் போனவரை இறந்தவராகப் பதிவதற்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை குருநகருக்கு பைக்கிலேயே போனேன். போகும் வழி முழுக்க என்ன கதைப்பது என்று யோசிக்கவில்லை. எந்தப் பெட்டிக்குள் என்ன எழுதுவது என்றுதான் யோசித்தேன்.

கடலுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை. தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் வருகிற நேரம். நான் பைக்கை நிறுத்தி இறங்க முன்னமே அந்த வீட்டிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்துவிட்டா. ஜெயசுதனின் தாய், அற்புதராணி. என்னைப் பார்க்கவில்லை. பைக்கின் இடப்பக்க மூடியில் இருந்த கீறலைத் தடவினா.

"விழுத்தினனியோ?"

"ஓம் அம்மா. மணலுக்குள்ளை."

"அவனும் உந்தப் பக்கம்தான் விழுத்துவான். வா, உள்ளை வந்து இரு."

தேத்தண்ணி தந்தா. நான் வந்த அலுவலைக் கேட்காமலே கதைத்துக்கொண்டிருந்தா. மகன் வேலை விசாவில் ருமேனியாவுக்குப் போனவன். அங்கே தையல் தொழிற்சாலை. சம்பளம் இல்லை என்று ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, நடந்து இத்தாலிக்குப் போக வெளிக்கிட்டவன். கடைசியாகக் கதைத்தது இரண்டு வருடத்துக்கு முன்னர்.

"காட்டுக்குள்ளை நிக்கிறம், போனிலை சார்ஜ் முடியுது எண்டான். சாப்பிட்டியோ எண்டு கேட்டன். அதுக்கு மறுமொழி இல்லை. பைக்கை ஸ்ராட் பண்ணுறனீங்களோ எண்டு கேக்கிறான். கிழமைக்கு ஒருக்கால் பண்ணாட்டி பற்றறி செத்துப்போமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓமடா, அத்தான் பண்ணுறார் எண்டன். அப்ப பைக் வித்து ஏழு மாசம், பிள்ளை. போகமுதல் அவசரத்துக்கு எண்டு கையெழுத்து வைச்சுத் தந்தவன், ஆனா வித்துப்போடாதையுங்கோ எண்டும் சொன்னவன். வித்த காசைத்தான் ஏஜென்சிக்காரனுக்கு அனுப்பினம். அந்தக் காட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது அந்தக் காசு."

நல்ல வளர்ப்பு வளர்ந்த ஒருத்தி என்றால் இதற்குப் பிறகு எழும்பிப் போயிருப்பாள். நான் பதினாறு நாளில் நாலு நாளை ஏற்கனவே தொலைத்துவிட்டு வந்தவள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பொலிஸ், மாத முடிவு, வேலை, எல்லாவற்றையும். மரணச் சான்றிதழ் எடுத்தால் நீங்கள் ஒப்பம் வைக்கலாம், எடுக்காவிட்டால் வேறு வழி இல்லை என்றேன். மரணம் என்ற சொல்லை நாலு தரமாவது சொல்லியிருப்பேன்.

அவ அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பள்ளிக்கூடத்திலை என்ன படிப்பிக்கிறாய்?"

"விஞ்ஞானம்."

"உது இல்லாட்டி வேலை போமோ?"

"போகும் அம்மா."

"அம்மா அப்பா என்ன செய்யினம்?"

"அப்பா சந்தையிலை மூட்டை தூக்குறவர்."

தலையை ஆட்டினா. வெளியே போய் பைக்கை ஒருக்கால் பார்த்துவிட்டு வந்து இருந்தா. "அப்ப எழுது," என்றா.

நான் உறையிலிருந்து படிவத்தை எடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் எழுதினேன். கனிசியஸ் ஜெயசுதன். பிறந்த திகதி சொன்னா, எழுதினேன். தகப்பனின் பேர். மதம். தொழில் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். "கடல்தொழில் எண்டு போடு. அவனுக்குப் பிடிக்காது, எண்டாலும் போடு," என்றா. அடுத்த பெட்டியில் என் பேனை நின்றது.

"திகதி கேக்கினம் அம்மா."

"என்ன திகதி?"

"அது... நடந்த திகதி."

அதுவரை வாயில் இலகுவாக வந்த சொல் அப்போது வரவில்லை.

"அவன் கடைசியாக் கதைச்சது எங்கடை கோயில் பெருநாளுக்கு முதல் நாள்."

"அதைப் போடவோ?"

"சீ, அதைப் போடாதை. அண்டைக்கு அவன் உயிரோடை கதைச்சவனெல்லோ."

"அப்ப எதைப் போட?"

அவ சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தா. இந்த வருடத்துக் கலண்டர், அதில் என்ன இருக்கப் போகிறது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா.

"உனக்கு எப்ப வசதி, பிள்ளை?"

குத்திக் கதைக்கவில்லை. உண்மையாகவே கேட்டா. எந்த நாளைப் போட்டால் என் அலுவல் கெதியாக முடியும் என்று கேட்டா.

பொய் சொல்லமாட்டேன், நான் ஒரு நாளை நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை. எந்த விசேசமும் இல்லாத, ஒருவருக்கும் ஞாபகம் வராத செவ்வாய்க்கிழமை. பேனை முனை பெட்டிக்குள் இருந்தது. நாள், மாதம், வருடம், எட்டு இலக்கம். கை போகவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. இவ்வளவு கெட்டவளாக இருக்க எனக்கு இன்னும் பழக்கம் போதாது, அவ்வளவுதான்.

"பிறகு வாறன் அம்மா," என்றேன்.

"அப்ப நான் யோசிச்சுச் சொல்லுறன். நம்பரைத் தந்திட்டுப் போ."

எழுதிக் கொடுத்தேன். படிவத்தை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இனி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவவுக்கும் விளங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒழுங்கை முடிகிற மட்டும் அவ கேற்றடியில் நின்றது கண்ணாடியில் தெரிந்தது. என்னையல்ல, பைக்கைத்தான் வழியனுப்பினா.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்க, பின்னேரம் வின்சன்ற் அண்ணையிடம் போனேன்.

"இதை வித்துத் தாங்கோ அண்ணை."

"புத்தகம் சரியில்லாத பைக்கை உயிரோடை விக்கேலாது தங்கச்சி. கழட்டித்தான் விக்கலாம். இல்லாட்டி பொலிஸிட்டைக் குடு. அங்கை மழையும் வெயிலும் அதைத் திண்டு முடிக்கும்."

"கழட்டுங்கோ."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் பட்டம் எடுத்தனான். கழட்டுங்கோ அண்ணை."

நான் போகவில்லை. ஒரு ரயரின் மேல் இருந்து பார்த்தேன். முதலில் சிவப்பு மூடிகள் வந்தன. வெளியில் ரேஸ் பைக் மாதிரித் தெரிந்தது முழுக்க அந்த மூடிகள்தான். உள்ளே இருந்தது வயல்காரர் ஓடுகிற பைக்கை விடக் கொஞ்சம் பெரிய ஒரு எஞ்சின், ஊத்தை பிடித்து, யாரோ கம்பியால் கட்டி வைத்த வயர்களோடு. பிறகு டாங்கி. பிறகு சங்கிலி. வின்சன்ற் அண்ணைக்கு வேலை கெதி. ஆறு மணிக்கு முன் அது பைக் இல்லை. காபரேட்டரைப் பருத்தித்துறையில் ஒருவன் கேட்டிருந்தானாம், அதைத் தனியாகச் சீலையில் சுற்றி வைத்தார். எல்லாம் முடிய என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

அடுத்த நாள் பஸ்ஸில் போனேன். வீட்டிலிருந்தே சேலை உடுத்திக்கொண்டு. பார்த்தவர்கள் இப்பதான் ரீச்சர் மாதிரி இருக்கு என்றார்கள். சந்தையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அப்பா அவர்களிடம் சொல்லி வைத்திருக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர இரண்டாம் பாடம் பாதி போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் கிழமையில் அதிபர் கூப்பிட்டு, உங்கடை நிலைமை எனக்கு விளங்குது, ஆனா வலயக் கல்விக் கந்தோருக்கு அறிவிக்காமல் விடேலாது என்றார். அறிவித்த கடிதத்தின் பிரதியில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலை. பஸ்ஸில் இருக்க இடமில்லை, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே நான் ஆறாயிரத்தைத் தாண்டி ஓடிய ரோட்டு, பஸ் அதில் உருண்டுகொண்டிருந்தது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"பிள்ளை, நான் அற்புதராணி. ஜெயசுதன்ரை அம்மா."

"ஓம் அம்மா."

"நான் பங்குச் சாமியாரோடை கதைச்சனான். மனம் ஒரு நாளிலை நிண்டுதெண்டால் அந்த நாளையே எடுங்கோ எண்டார். எனக்கு ஒரு கிழமையா நித்திரை இல்லை, பிறகு ஒரு நாளிலை நிண்டுது. போன சனிக்கிழமை பூசையும் ஒப்புக்குடுத்திட்டன். செத்தவையின்ரை பேர் வாசிக்கேக்கை அவன்ரை பேரையும் வாசிச்சவர். மகளும் ஒப்புக்கொண்டிட்டாள். கடதாசி இஞ்சை மேசையிலைதான் கிடக்கு. நீ வந்து எழுதுறியோ, இல்லாட்டி இப்ப சொல்லட்டோ? பிந்திப்போச்சோ பிள்ளை?"

பஸ் குலுங்கியது. எனக்கு முன்னால் இருந்தவரின் மடியில் ஒரு பலாப்பழம். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை அம்மா," என்றேன். "பிந்தேல்லை."

"பேனை வைச்சிருக்கிறியோ?"

ஒரு கையில் போன், மற்றக் கையில் கம்பி.

"ஓம் அம்மா. சொல்லுங்கோ, எழுதுறன்."

அவ ஆறுதலாக, நான் எழுதுவதற்கு நேரம் விட்டு விட்டு, முதலில் நாளையும் பிறகு மாதத்தையும் சொன்னா.